மோட்டார் கொட்டகைக்கு முன்னால்

தம்பி வந்து சேர்ந்ததிலிருந்து அந்த வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருப்பதில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை மறுபடி கழுவுவான். பெருக்கிய வாசலை மறுபடி பெருக்குவான். நாற்காலியில் உட்கார வைத்தால் அடியில் நெருப்பு மூட்டியதுபோல எழுந்துவிடுவான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று சின்ன வயதில் எல்லோரும் அவனைக் கேலி செய்ததுண்டு. இப்போது அக்காவுக்கு அந்தக் கேலி நினைவுக்கு வந்தாலே பயமாக இருந்தது.

அவன் ரயில் எஞ்சின் ஓட்டுகிறவன். ஆளில்லாத லெவல் கிராசிங் ஒன்றில் அவனுடைய வண்டி ஒரு காய்கறி வேனை அடித்துவிட்டது. வேனை ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி பிழைக்கவில்லை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குவார்ட்டர்ஸில் தனியாகக் கிடந்தவனை அக்காதான் போய்க் கையோடு அழைத்து வந்தாள்.

விசாரணை நாளைக் காலை. இன்று சாயங்கால பஸ்ஸில் அவன் கிளம்ப வேண்டும்.

அதனால் அக்கா பேக்கரிக்கு லீவு சொல்லியிருந்தாள். கேக் அலங்காரம் செய்வது அவள் வேலை. "ரோஜாப் பூவை யார் போடறது?" என்று முதலாளி கேட்டதற்கு, இன்றைக்குப் பிறந்தவர்கள் ரோஜா இல்லாமலே வளர்ந்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அத்தானும் வேலைக்குப் போகவில்லை. லிஃப்ட் மெக்கானிக் அவர். ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் நடுவில் மாட்டிக்கொண்டாலும் அவருக்குத்தான் போன் வரும். இன்று போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, விடிந்ததும் விடியாததுமாக மாடிக்கு ஏறினார்.

மாடியில்தான் குட்டி ரயில் இருக்கிறது.

மகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அவள் அறையில் அத்தான் போட்ட மேசை அது. சுவரோடு சுவராக அறையின் முழு நீளத்துக்கு ஓடி, ஜன்னல் பக்கம் வளைந்து திரும்பும். தண்டவாளம், ஒயர், சிக்னல் எல்லாம் அவர் பொறுப்பு. மலை, மரம், வயல், ரோடு எல்லாம் அக்காவின் பொறுப்பு. அவருடைய வேலை மேசைக்குக் கீழே, தன்னுடைய வேலை மேசைக்கு மேலே, அதனால்தான் இத்தனை வருஷமாகச் சண்டை வரவில்லை என்று அவள் சொல்வாள். கடையில் மீந்த தெர்மோக்கோல் பெட்டிகளை கேக் கத்தியால் சீவி மேடாக அடுக்குவாள். எலும்பு முறிந்தவர்களுக்குப் போடுகிற மாவுக்கட்டுத் துணியை நனைத்து அதன்மேல் போர்த்துவாள். காய்ந்ததும் மலை. அதன்மேல் பசை தடவி, சலித்த மண்ணையும் சாயம் போட்ட மரத்தூளையும் மாவு சல்லடையில் தூவினால் மண்ணும் புல்லும். ஸ்பாஞ்சைப் பழைய மிக்ஸியில் அரைத்துக் காய்ந்த செடிக் குச்சிகளில் ஒட்டினால் மரம்.

அந்த மேசையில் ஒரு லெவல் கிராசிங் இருந்தது. விரல் நீளத்தில் இரண்டு கேட், காத்துக்கொண்டிருக்கிற ஒரு லாரி. தம்பி வந்த நாளிலிருந்து மாடிக்கு ஏறவில்லை. ஆனால் இன்று கிளம்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று நேற்றுச் சொல்லியிருந்தான். அத்தானுக்குத் தூக்கம் போய்விட்டது.

அக்கா மேலே போனபோது அவர் கேட்டைப் பிடுங்கி, லாரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரோட்டின் மேல் கைநிறையப் புதரை ஒட்டிக்கொண்டிருந்தார். பசை அவர் மணிக்கட்டுவரை வழிந்திருந்தது.

ரோடு எங்கே போகிறது என்று அவள் கேட்டாள். இந்தப் பக்கத்திலிருந்து வந்து புதருக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் மறுபடி கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

"ரிப்பேர்னு சொல்லிக்கலாம்" என்றார்.

"குருடன்கூட கண்டுபிடிச்சிடுவான்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் மாடிப்படியில் சத்தம் கேட்டது.

தம்பி உள்ளே வந்தான். சுவரோரமாக நடந்து மேசை முழுவதையும் பார்த்தான். சுரங்கத்தைக் குனிந்து பார்த்தான். ஸ்டேஷன் கூரையைத் தொட்டுப் பார்த்தான். புதர் இருந்த இடத்தில் நின்றான்.

"இங்க ரோடு இருந்துச்சே அத்தான்."

அத்தான் கைப் பசையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஆமாம், இருந்தது, அதைக் கொஞ்சம் மாற்றலாம் என்று ஒரு யோசனை, என்று முணுமுணுத்தார். தம்பிக்கு ஒரு கணம் சிரிப்பு வந்ததுபோல இருந்தது. அப்புறம் அதுவும் போய்விட்டது. புதரை அவனே மெல்லப் பிய்த்தெடுத்தான். பசை காயாததால் ரோட்டோடு சேர்ந்து வந்துவிட்டது.

"வேற ஒண்ணு செய்யலாமா?" என்றான். "அந்த இடத்தை அப்படியே இங்க செய்ய முடியுமா?"

அக்காவும் அத்தானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவன் வேகவேகமாக விளக்கினான். நாளைக்கு அங்கே கேட்பார்கள். எந்த இடத்தில் என்ன தெரிந்தது, எப்போது தெரிந்தது என்று துருவித் துருவிக் கேட்பார்கள். போன தடவை காகிதத்தில் வரைந்து காட்டினான், யாருக்கும் புரியவில்லை, அவனுக்கே குழம்பிவிட்டது. கையால் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டால் வாயில் தெளிவாக வரும். அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

வேறொன்றும் இல்லை என்பதை அவன் இரண்டு தடவை சொன்னான்.

வேண்டாம் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வந்தது. ஆனால் அவன் கைகளைப் பார்த்தாள். இத்தனை நாளாகச் சும்மா பிசைந்துகொண்டிருந்த கைகள், இப்போது ஒரு வேலையைக் கேட்டு நீண்டிருந்தன. கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நிஜத்தில் ஒரு மீட்டர் என்றால் மேசையில் ஒரு சுண்டுவிரல் அகலம் என்று அத்தான் கணக்குச் சொன்னார். ஜன்னல் பக்கத்து வளைவு பொருந்தும் என்று தம்பி சொன்னான். அங்கேயும் பாதை இடது பக்கம்தான் வளையும். உள்பக்கம் மண்மேடு. மேட்டின்மேல் வரிசையாக மரங்கள். மரங்கள் முடிந்ததும் ஒரு மோட்டார் கொட்டகை. கொட்டகையைத் தாண்டினால் ரோடு, பாதையைக் குறுக்கே வெட்டிப் போகும். வளைவு ஆரம்பிக்கிற இடத்தில் ஹாரன் பலகை. அதைப் பார்த்ததும் ஹாரனை அடிக்க வேண்டும், கிராசிங்கைத் தாண்டுகிறவரை விடக் கூடாது.

அக்கா தெர்மோக்கோலைச் சீவினாள். அவன் அருகிலேயே நின்று, இன்னும் கொஞ்சம் உயரம், இந்த இடத்தில் சரிவு, இங்கே மழைத் தண்ணீர் அரித்த பள்ளம் என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். துணியை நனைத்துக் கொடுத்தான். ஈரம் காய மின்விசிறியைத் தூக்கி வந்து வைத்தான். அத்தான் தீப்பெட்டி அட்டையில் கொட்டகை வெட்டினார். அதன் கதவு எந்தப் பக்கம் என்றுகூட அவனுக்கு நினைவிருந்தது. கதவு சாத்தியிருந்தது, பூட்டு தொங்கியது, பக்கத்துச் சுவரில் யாரோ வறட்டிபோல எதையோ தட்டிக் காயப் போட்டிருந்தார்கள் என்றான்.

கண் இமைக்கிற நேரத்தில் கடந்துபோகிற ஒரு கொட்டகையின் பூட்டுவரை ஒருவனுக்கு எப்படித் தெரியும் என்று அக்கா யோசித்தாள். அதற்குப் பிறகு அவன் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறான். ஒரு தடவையோ, பல தடவையோ. அவள் கேட்கவில்லை.

மண் தூவி முடித்ததும் மரங்கள். அவளிடம் ஒரு ஷூ பெட்டி நிறைய மரம் தயாராக இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், அவன் மேட்டில் குத்தினான். குத்தியதும் மண்டியிட்டு, கன்னத்தைத் தண்டவாளத்தின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வளைவைப் பார்த்தான். எழுந்து இன்னொரு மரம் கேட்டான். மறுபடி மண்டியிட்டான்.

கடைசியில் அத்தான் தம் பழைய போனை எஞ்சினுக்கு முன்னால் மாட்டிய தட்டை வேகனின் மேல் படுக்கைவாட்டில் நிறுத்தி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். கேமராவின் கண் எஞ்சின் டிரைவரின் கண் உயரத்துக்குச் சரியாக வந்தது. கிராசிங்கின் நடுவில் ஒரு குட்டி வேன். வண்டியை மெல்ல ஓட்டினார். அது வேனை முட்டி நின்றதும் மூவரும் போனை எடுத்துப் பார்த்தார்கள்.

பலகை வந்தது. வளைவு வந்தது. மரம், மரம், மரம். கொட்டகைச் சுவர். அதைத் தாண்டியதும் திடீரென்று முகத்துக்கு நேரே வேன்.

"பாத்தியா" என்றார் அத்தான். அவர் குரலில் பெரிய நிம்மதி. "இதுல யார் என்ன பண்ண முடியும் மச்சான்? வேன் தெரியறப்பவே இடிச்சாச்சு. நாளைக்கு இந்த வீடியோவையே காட்டு."

தம்பி இன்னொரு மரம் இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டான்.

எடுத்துக் கொடுத்தாள். கொட்டகைக்குச் சற்று முன்னால், மற்ற மரங்களை நெருக்கிக்கொண்டு அதைக் குத்தினான். குனிந்து பார்த்தான். திருப்தியில்லை. இன்னொன்று கேட்டான். அதையும் அதே இடத்தில்தான் குத்தினான்.

அக்காவுக்குக் கை நின்றுவிட்டது. காலையிலிருந்து அவன் சொன்ன ஒவ்வொன்றும் அளவு பார்த்ததுபோல இருந்தது. மேட்டின் சரிவு, பள்ளம், பூட்டு, எதிலும் அவனுக்குத் தடுமாற்றம் இல்லை. இந்த ஒரு இடத்தில் மட்டும் அவன் மரத்தை வைக்கவில்லை. அடைத்துக்கொண்டிருந்தான். கேக்கில் விரிசல் விட்ட இடத்தில் கிரீமை அப்பி அப்பி மூடுகிற கை அவளுடையது. அந்த அவசரம் அவளுக்குத் தெரியும்.

"இங்க எத்தனை மரம்டா இருந்துச்சு?"

அவன் குத்திய மரத்தை நேராக்கினான்.

"தம்பி, உன்னைத்தான் கேக்கறேன்."

"இல்லக்கா."

"என்ன இல்ல?"

"இங்க மரமே இல்ல."

அவன் எழுந்து ஜன்னலுக்குப் போனான், கதவுக்குப் போனான், திரும்பி வந்தான். நடந்துகொண்டேதான் சொன்னான்.

கொட்டகைக்கு முன்னால் ஒரு இடைவெளி. ஒரு மரம் விழுந்து, அதை வெட்டி எடுத்துப் போயிருக்கிறார்கள். அந்த வழியாக ரோடு தெரியும், ஒரு கணம்தான். அந்தக் கணத்தில் நீலமாக ஏதோ நகர்ந்ததை அவன் பார்த்தான். வேனின் தார்ப்பாய். வேன் கிராசிங்கை நோக்கி வந்துகொண்டிருந்தது.

பலகையில் ஒரு தடவை ஹாரன் அடித்தான், நீளமாகவே அடித்தான். அப்புறம் விட்டுவிட்டான். விடாமல் அடிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் தினமும் ஓட்டுகிற பாதையில் யார் விடாமல் அடிக்கிறார்கள்? நீலத்தைப் பார்த்தபோது மறுபடி அடித்திருக்கலாம்.

"கை அதும் மேலதான் இருந்துச்சு" என்றான். "நிக்கும்னு நெனச்சேன். எல்லா வண்டியும் நிக்கும். வரும், வேகமா வரும், பக்கத்துல வந்ததும் நின்னுடும். தெனமும் அப்படித்தான். நிக்கும்னு நெனச்சு அழுத்தாம விட்டுட்டேன்கா."

கொட்டகையைத் தாண்டி வேன் தெரிந்த பிறகுதான் ஹாரனும் பிரேக்கும். அது பழைய எஞ்சின். வேகத்தைப் பதிவு செய்யும், ஹாரனைப் பதிவு செய்யாது. முதலில் விசாரித்தபோது, வளைவு முழுக்க விடாமல் அடித்துக்கொண்டே வந்தேன் என்று சொன்னான். துணை டிரைவரும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டான். அவனிடம் இவன் கேட்கக்கூட இல்லை. இவன் முகத்தைப் பார்த்தான், சொன்னான்.

அத்தான் மெல்லக் கேட்டார். "வேன்காரர் என்ன சொல்றார்?"

"ஒரே ஒரு தடவ தூரத்துல கேட்டுச்சாம். ரயில் எங்கயோ தூரத்துல இருக்குன்னு நெனச்சாராம். அப்புறம் கேக்கவே இல்லன்னு சொல்றார்." தம்பி நின்றான். "யாரும் நம்பல. ரெண்டு பேர் ஒரே மாதிரி சொல்றாங்க, நீ மட்டும் வேற சொல்றியேன்னு கேக்கறாங்க. பாட்டு கேட்டுட்டு ஓட்டினியான்னு கேக்கறாங்க. அவர் சொந்தக்காரங்களே, பொண்டாட்டிய கொன்னுட்டான்னு பேசறாங்களாம்."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மடியெல்லாம் பச்சைத் தூள். அம்மா போன பிறகு அவனுக்குத் தலை சீவி விட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள். எஞ்சின் டிரைவர் வேலை கிடைத்த அன்று தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னவள். பெட்டியில் இன்னும் மரங்கள் இருந்தன. அவற்றையெல்லாம் எடுத்து அந்த ஓட்டையில் அடைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கீழே போய்விட முடியுமானால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவள் கை பெட்டிக்குள் போய்விட்டதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளே பார்த்தாள்.

அத்தான் அதை வாய்விட்டே சொன்னார். முடிந்தது முடிந்துவிட்டது. போன உயிர் வரப்போவதில்லை. அவரும் எத்தனையோ விசாரணையில் உட்கார்ந்தவர்தான், லிஃப்ட் நின்றாலும் விழுந்தாலும் முதலில் மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவார்கள். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் ஒரே வரியில், அதுதான் அவர் பழக்கம். போன தடவை ஒன்று சொல்லிவிட்டு இந்தத் தடவை வேறு சொன்னால் எதையுமே நம்ப மாட்டார்கள். வேலை போகும், கேஸ் வரும்.

"சரி, நீ உன்னைப் பத்திக் கவலைப்படல. அந்தப் பையனை யோசிச்சியா? உனக்காகத்தானே பொய் சொன்னான். சேந்து ரெண்டு வருஷம் ஆகல. பொண்டாட்டி மாசமா இருக்கான்னு நீதான் சொன்ன. உன் உண்மைக்கு அவன் வேலையும் சேந்து போகணுமா?"

இது தம்பிக்குத் தைத்தது. மறுபடி நடக்க ஆரம்பித்தான்.

"ஹாரன் அடிச்சிருந்தா மட்டும் அவர் நின்னிருப்பாரா?" என்றார் அத்தான் மறுபடி. "அதை யாராவது சொல்ல முடியுமா?"

"தெரியல அத்தான். நின்னிருக்கலாம். நிக்காமலும் போயிருக்கலாம். அதைச் செஞ்சு பாக்கறதுக்கு எந்த மேசையும் இல்ல."

அவன் மேட்டருகே போய், கடைசியாகக் குத்திய இரண்டு மரங்களையும் பிடுங்கினான். யாரும் கேட்காமலே அத்தான் வேகனை வளைவின் தொடக்கத்துக்கு நகர்த்தி, வண்டியை மறுபடி ஓட்டினார். திட்டிக்கொண்டேதான் ஓட்டினார். போனில் பார்த்தார்கள். பலகை, மரம், மரம், மரம். அப்புறம் ஒரு வெளிச்சக் கீற்று. அதற்குள் ரோடு. கொட்டகைச் சுவர். வேன்.

கீற்று அவ்வளவு சின்னது. தும்மினால் தவறிவிடும்.

அத்தான் போனை அணைத்தார். அதற்குமேல் அவர் வாதாடவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். எதைச் செய்தாலும் முதலில் அந்தப் பையனிடம் சொல்லிவிட்டுச் செய். நாளைக்கு அங்கே போய் அவன் தலையில் கல்லைத் தூக்கிப் போடாதே.

தம்பி அங்கேயே நின்று போன் போட்டான். சுற்றி வளைக்கவில்லை. நான் நாளைக்கு ஹாரன் விஷயத்தை உள்ளபடி சொல்லப்போகிறேன், உனக்கு அதில் சம்பந்தமில்லை, நான் சொன்னதால்தான் நீயும் சொன்னாய் என்று சேர்த்தே சொல்வேன், கோபம் இருந்தால் இப்போதே திட்டிவிடு, என்றான். எதிர்முனையில் துணை டிரைவர் கடைசிவரை கேட்டுக்கொண்டான். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பின்னால் யாரோ யாரையோ சக்கர நாற்காலியைத் தள்ளச் சொல்லும் குரல் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

மறுபடி போட்டான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

மத்தியானம் முழுவதும் அணைத்தே இருந்தது.

சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. தம்பி பையில் துணியை அடுக்கினான், எடுத்தான், மறுபடி அடுக்கினான். வாசலுக்குப் போய்த் தெருமுனைவரை பார்த்துவிட்டு வந்தான். அத்தான் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அக்கா அவன் சட்டையை இஸ்திரி போட்டாள். காலரில் ஒரு சுருக்கம் போகவே மாட்டேன் என்றது. அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அவனுக்கு ஒன்றும் சொல்லாமலே அனுப்பப்போகிறோமே என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. நல்லது செய்கிறாய் என்று சொல்லலாம். வாய் வரவில்லை. வேண்டாம்டா என்று சொல்லலாம். அதற்கும் வாய் வரவில்லை. கடைசியில் சட்டையைக் கொடுக்கும்போது, "வேலை போனா இங்க வந்துடு" என்று மட்டும் சொன்னாள். "பேக்கரில அடுப்புக்கு ஆள் தேடறாங்க."

"தீய்ச்சிடுவேன்கா" என்றான்.

"தீஞ்சதை நாங்க மலை பண்ணிக்கறோம்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெயில் சாய்ந்து, கிளம்புகிற நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய முகம் முழுக்கப் புழுதி. தம்பி பையை அப்படியே தரையில் வைத்தான். துணை டிரைவர்.

அத்தான் முந்திக்கொண்டு வாசலை மறித்தார். எந்தச் சண்டையானாலும் உள்ளே உட்கார்ந்து பேசலாம், தெருவில் வேண்டாம் என்றார். அந்தப் பையன் திருதிருவென்று விழித்தான். சண்டைக்கு வரவில்லை, கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றான்.

அக்கா கொடுத்த சொம்பை ஒரே மூச்சில் குடித்தான். போனில் சார்ஜ் போய்விட்டதாம். அதுவும் போக, போனில் சொல்கிற விஷயமில்லையாம்.

"நான் ஆஸ்பத்திரிலதான் இருந்தேன்ணே. நீங்க போன் பண்றப்போ அவர் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"யார் பக்கத்துல?"

"வேன்காரர் பக்கத்துல."

தம்பிக்குச் சட்டென்று புரியவில்லை. அக்காவுக்குத்தான் முதலில் புரிந்தது. சொம்பை வாங்க நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

கையெழுத்துப் போட்ட மறுநாளே போனானாம். தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனது. கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. மனைவி வீட்டு ஆட்கள் எட்டிப் பார்ப்பதில்லை. தண்ணீர் எட்டவில்லை, கொஞ்சம் எடுத்துத் தருகிறாயா தம்பி என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தான். மறுநாளும் போனான். பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. சவரம் செய்துவிடுகிறான், முதுகு துடைத்துவிடுகிறான். பக்கத்து வார்டு நோயாளிக்கு வேண்டிய பையன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். யார் என்று இவன் சொல்லவில்லை.

"வீட்டுல சொன்னியா?" என்று அக்கா கேட்டாள்.

மனைவிக்குத் தெரியும் என்றான். அவள்தான் தினமும் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாளாம்.

அப்புறம் அவன் தம்பியைப் பார்த்துச் சொன்னான். "இன்னைக்குக் காலைல டாக்டர்கிட்ட அடம் பிடிச்சார்ணே. காதை டெஸ்ட் பண்ணணும்னு. ஹாரன் அடிச்சாங்கன்னு ரெண்டு பேர் சொல்றாங்க, அவங்க எதுக்குப் பொய் சொல்லப்போறாங்க, அப்போ என் காதுதான் செத்துப் போயிருக்கணும், என் காதாலதான் அவ போயிட்டாளான்னு எனக்குத் தெரியணும்னு அழுதார். நாளைக்குக் காலைல டெஸ்ட்."

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டே போனது.

தம்பி நின்றபடியே இருந்தான். டெஸ்ட் எத்தனை மணிக்கு என்று கேட்டான். ஒன்பதுக்கு என்றான் துணை டிரைவர். விசாரணை பத்துக்கு. ஆஸ்பத்திரி வாசலில் ஆறு மணிக்கே ஆட்களை உள்ளே விடுவார்கள்.

"அப்போ மொதல்ல அங்க" என்றான் தம்பி.

அத்தான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். போலீஸ், வக்கீல், விசாரணைக்கு முன்னால் எதிர்த் தரப்பைப் பார்க்கலாமா கூடாதா என்று அவருக்கு நூறு கேள்வி இருந்தது. அக்கா அவர் கையைத் தொட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை நம் வீட்டிலேயே நிறுத்திவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸில் போங்கள், இந்த மனநிலையில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

பஸ் நிறுத்தம்வரை நால்வரும் நடந்தார்கள். பஸ் நிரம்பி வந்தது. பின்பக்கம் இரண்டு இடம் கிடைத்தது. அக்கா ஜன்னலுக்குக் கீழே நின்று தம்பியின் காலரை எட்டிச் சரிசெய்தாள். அவரிடம் எப்படிச் சொல்லப்போகிறாய் என்று கேட்டாள். தெரியவில்லை என்று அவன் தலையை ஆட்டினான்.

கண்டக்டர் விசில் கொடுத்தான். துணை டிரைவர் மடியில் ஒரு தூக்குவாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தம்பியிடம் தாழ்ந்த குரலில் சொன்னது ஜன்னல் வழியாக அக்காவுக்கும் கேட்டது.

"அவர் என்னைத் தம்பின்னுதான் கூப்பிடறார்ணே. நாளைக்கு அப்புறம் என்னன்னு கூப்பிடுவாரோ தெரியல."

பஸ் நகர்ந்தது. தம்பி அந்தப் பையனின் தோளில் கையைப் போட்டதை அக்கா பார்த்தாள். அவன் என்ன பதில் சொன்னான் என்பது அவளுக்குக் கேட்கவில்லை.